கிளிநொச்சியிலிருந்து திருச்சி: 245 கிலோமீற்றர் சரி, 48 நிமிடம் எங்கிருந்து வந்தது?

கேள்வி இதுதான்: கிளிநொச்சிக்கும் திருச்சிக்கும் இடையில் எவ்வளவு தூரம், விமானத்தில் எவ்வளவு நேரம்? கேட்ட தம்பி கைபேசியில் தேடிப் பார்த்திருக்கிறார். 245 கிலோமீற்றர், பறக்கும் நேரம் 48 நிமிடம் என்று வந்திருக்கிறது. அம்மாவைக் கண் வைத்தியத்துக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும், அவவுக்கு முழங்காலும் ஏலாது, 48 நிமிடம்தான் என்றால் காலையில் வெளிக்கிட்டால் போதாதா என்று கேட்கிறார்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 245 சரி. 48 பிழை. வீட்டு வாசலில் இருந்து திருச்சி ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஏழு மணித்தியாலம் வையுங்கள் தம்பி. அதில் நீங்கள் ஆகாயத்தில் இருக்கப்போவது முக்கால் மணித்தியாலம் அளவுதான். மிச்சம் எல்லாம் தரையில்.

இனி விரிவாக. நான் கிளிநொச்சியில் வான் வைத்து ஓட்டுகிறவன். பலாலி, கட்டுநாயக்கா விமான நிலையங்களுக்கு ஆட்களை ஏற்றி இறக்குவதுதான் என் பிழைப்பு. அதற்கு முன்பு சில வருடம் நில அளவையாளர் ஒருவருக்குச் சங்கிலி பிடித்தேன். அதனால் தூரக் கணக்கு என்றால் கொஞ்சம் பைத்தியம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

245 எப்படி வருகிறது என்று கொப்பியில் போட்டே பார்க்கலாம். கிளிநொச்சி வடக்கு 9.38 பாகையில் இருக்கிறது, திருச்சி 10.80. வித்தியாசம் 1.42 பாகை. நம்முடைய பக்கத்தில் அகலக்கோட்டில் ஒரு பாகை என்பது ஏறக்குறைய 110.6 கிலோமீற்றர். ஆக வடக்கு நோக்கி 157 கிலோமீற்றர். நெடுங்கோட்டில் கிளிநொச்சி 80.40, திருச்சி 78.69, வித்தியாசம் 1.71. நெடுங்கோடுகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டு போவதால் இந்த இடத்தில் ஒரு பாகைக்கு 109.6தான் வரும். ஆக மேற்கே 187. இனிப் பள்ளிக்கூடத்தில் படித்த பைதகரஸ்தான்: இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 244 சொச்சம். பூமி உருண்டை என்பதற்காக வேறு பெரிய சூத்திரம் ஒன்று இருக்கிறது. ஆனால் இவ்வளவு கிட்டிய தூரத்துக்கு அதைப் போட்டாலும் விடை மாறாது. நீங்கள் பார்த்த இடத்திலும் இதே கணக்கைத்தான் போட்டிருப்பார்கள்.

இதே முறையில் கிளிநொச்சிக்கும் கொழும்புக்கும் போட்டுப் பாருங்கள். 278 வரும். அதாவது வான்வழியில் கொழும்பைவிடத் திருச்சி நமக்கு முப்பது கிலோமீற்றருக்கு மேல் கிட்ட. நான் முதன்முதலில் கணக்குப் போட்டபோது பிழை விட்டுவிட்டேனோ என்று மூன்று தரம் திருப்பிப் போட்டேன். மன்னாரில் இருந்து திருச்சிக்கும் ஏறக்குறைய இதே அளவுதான், 242. மன்னார் இந்தியாவுக்கு எவ்வளவு கிட்ட என்று நினைப்போம். திருச்சியைப் பொறுத்தவரை கிளிநொச்சியும் மன்னாரும் ஒன்று.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு புறப்பட முடியாது என்பதுதான் சிக்கல். வீதி வேறு கணக்கு. கிளிநொச்சியில் இருந்து யாழ்ப்பாணம் வான்வழியில் 51 கிலோமீற்றர். ஏ9 வீதியால் போனால் 65க்கு மேல். ஆனையிறவைச் சுற்றித்தானே போகவேணும், களப்புக்கு மேலால் ஓட முடியாது. இதைவிட மோசமானது முல்லைத்தீவு – திருகோணமலை. நேர்கோட்டில் 87தான். ஆனால் கொக்கிளாய் முகத்துவாரத்தைக் கடக்கப் பாலம் இல்லை. பாலம் வேணும் என்று சனம் கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டது. களப்பைச் சுற்றவேணும், அல்லது வவுனியா வந்து ஹொரவப்பொத்தானை வழியாகப் போகவேணும். இரண்டாவது வழியால் போனால் தூரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இதெல்லாம் ஆட்களுக்குத் தெரியும். ஆனால் விமானம் என்றவுடன் மறந்துபோகிறார்கள்.

சரி, 48 நிமிடம் எங்கிருந்து வந்தது? அதுவும் கணக்குத்தான். தூரத்தை மணிக்கு 800 கிலோமீற்றர் என்ற ஜெட் வேகத்தால் பிரித்தால் 18 நிமிடம். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் என்று பொதுவாக அரை மணித்தியாலம் சேர்த்தால் 48. எந்த இரண்டு ஊரைக் கொடுத்தாலும் அந்தச் செயலிகள் இதே பெருக்கல் பிரித்தலைத்தான் செய்யும். இரண்டு ஊரிலும் விமான நிலையம் இருக்கிறதா, விமானம் ஓடுகிறதா என்று பார்ப்பதில்லை. தருமபுரத்துக்கும் தஞ்சாவூருக்கும் கேட்டாலும் நிமிடக் கணக்கில் விடை தரும்.

கிளிநொச்சியில் பயணிகள் விமான நிலையம் இல்லை. வன்னியில் எங்கேயுமே இல்லை. ஓடுபாதை இல்லை என்று சொல்லவில்லை. வவுனியாவில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படை போட்ட ஓடுதளம் இருக்கிறது. இரணைமடுவில் இருப்பது விடுதலைப் புலிகள் போட்டது, 2009 ஜனவரியில் இராணுவத்தின் கைக்குப் போனது. இப்போது இரண்டுமே விமானப்படையிடம். ரிக்கெற் எடுத்து ஏறுகிற இடம் இரண்டும் இல்லை. ஆக உங்களுடைய பயணம் கிளிநொச்சியில் இருந்து திருச்சிக்கு இல்லை. கிளிநொச்சியில் இருந்து பலாலிக்கு ஒன்று, பலாலியில் இருந்து திருச்சிக்கு இன்னொன்று.

பலாலி – திருச்சி வான்வழித் தூரம் 184 கிலோமீற்றர். நேர்கோடு போட்டால் அதில் ஏறக்குறைய பாதி கடல். அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டைப் பக்கமாகக் கரை ஏறும். ஓடுகிற விமானம் ஏ.ரி.ஆர். 72 வகை. முன்னுக்கு விசிறி சுற்றுகிற விமானம். இதன் முழு வேகமே மணிக்கு 500 கிலோமீற்றர் சொச்சம்தான். அப்படிப் பார்த்தால் 184ஐ ஓட 22 நிமிடம் போதுமே என்று கேட்பீர்கள். ஆனால் ரிக்கெற்றில் போடுகிற நேரம் ஒரு மணித்தியாலத்தை ஒட்டி இருக்கும். ஏமாற்று ஒன்றும் இல்லை. விமானம் நின்ற இடத்தில் இருந்து அசையத் தொடங்கியது முதல் மறுபக்கத்தில் போய் நிற்கும் வரைக்கும் உள்ள நேரத்தைத்தான் அவர்கள் போடுவார்கள். ஓடுபாதை முனைக்கு மெதுவாக உருண்டு போகவேணும். எழும்பிய பிறகு எந்தத் திசையைப் பார்த்து எழும்பியதோ அதில் இருந்து திரும்பவேணும். உயரம் ஏறும்போது முழு வேகம் வராது. ஏறி முடித்துக் கொஞ்ச நேரத்திலேயே இறங்கத் தொடங்கவேணும். மறுபக்கத்தில் ஓடுபாதைக்கு நேராக வர ஒரு சுற்று. முழு வேகத்தில் ஓடுவது நடுவில் கொஞ்ச நேரம்தான். பரந்தனில் இருந்து கிளிநொச்சி ரவுணுக்கு இ.போ.ச. பஸ்ஸில் வருகிற மாதிரி: நாலாம் கியருக்கு வர முதலே இறங்கும் இடம் வந்துவிடும்.

இதற்கு நல்ல உதாரணம் சென்னை. பலாலியில் இருந்து சென்னை 354 கிலோமீற்றர். கட்டுநாயக்காவில் இருந்து சென்னை 643. கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஆனால் இரண்டுக்கும் அட்டவணையில் ஒன்றேகால் மணித்தியாலத்தில் இருந்து ஒன்றரை வரைக்கும்தான் போட்டிருக்கும். கட்டுநாயக்காவில் இருந்து போவது ஜெட், மணிக்கு 800க்கு மேல். இங்கிருந்து போவது விசிறி விமானம். தூரத்தில் கிடைத்த இலாபத்தை வேகம் தின்றுவிடும். இதைத் தெரியாமல் சிலர், பக்கத்தில் இருக்கிற சென்னைக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று என்னோடு சண்டைக்கு வருவார்கள், ஏதோ நான்தான் விமானம் ஓட்டுகிற மாதிரி.

ஜெட் விடலாமே என்றால், பலாலி ஓடுபாதையில் இப்போது பாவிக்கிற நீளம் அதற்குப் போதாது. இந்த விசிறி விமானங்களுக்குக் குறைந்த நீளம் போதும்.

காற்றும் ஒரு காரணம், ஆனால் சின்னக் காரணம். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் திருச்சிப் பக்கம் போகும்போது கொஞ்சம் எதிர்க்காற்று இருக்கும். இவ்வளவு சின்னத் தூரத்தில் அது ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் காட்டாது. வாடைக்காற்றுக் காலத்து மழைதான் பிரச்சினை. கார்த்திகை, மார்கழியில் முகில் கீழே இறங்கி நின்றால் விமானம் பிந்தும், சில நாள் வராமலும் விடும். அந்த இரண்டு மாதத்தில் வைத்தியருக்கு நாள் எடுத்தால், விமான நாளுக்கும் வைத்தியர் நாளுக்கும் நடுவில் ஒரு நாளை வெறுமையாக விடுங்கள்.

பலாலிக்கும் தமிழ்நாட்டுக்கும் விமானம் என்பது புதுக் கதை இல்லை. எயார் சிலோனின் முதல் விமானமே 1947 டிசம்பர் 10ஆம் திகதி இரத்மலானையில் இருந்து காங்கேசன்துறையில், அதாவது பலாலியில், இறங்கிச் சென்னைக்குப் போனதுதான். நடுவில் போர் வந்து எல்லாம் நின்றது. 2019 ஒக்ரோபர் 17ஆம் திகதி பலாலியைச் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள்; நவம்பரில் அலையன்ஸ் எயார் சென்னையில் இருந்து வரத் தொடங்கியது. நாலு மாதம் அளவுதான் ஓடியது, 2020 மார்ச்சில் கொரோனா. மறுபடி வந்தது 2022 டிசம்பர் 12. 2024 செப்ரெம்பர் 1ஆம் திகதியில் இருந்து இண்டிகோ சென்னைக்கு, 2025 மார்ச் 30இல் இருந்து அவர்களே திருச்சிக்கும். ஆக நீங்கள் கேட்கிற நேரடித் திருச்சிப் பயணம் நம்முடைய ஆட்களுக்குக் கிடைத்தது அண்மையில்தான். அட்டவணையை அடிக்கடி மாற்றுவார்கள். ரிக்கெற் போடுகிற அன்று நாளையும் நேரத்தையும் ஒருமுறை பாருங்கள், பயணத்துக்கு முதல் நாள் இன்னொருமுறை பாருங்கள்.

இனி வீதிக்கு வருவோம், என் இராச்சியம் அதுதான். கிளிநொச்சி ரவுணில் இருந்து பலாலி 75க்கும் 80க்கும் இடையில். பரந்தன், ஆனையிறவு, இயக்கச்சி, பளை, முகமாலை, கொடிகாமம், சாவகச்சேரி தாண்டிக் கைதடி. அதில் யாழ்ப்பாண ரவுணுக்குள் போகாமல் கோப்பாய்ப் பக்கம் திரும்பி, உரும்பிராயில் பலாலி வீதியைப் பிடித்தால் நெரிசல் குறைவு. பகலில் ஒன்றேமுக்கால் மணித்தியாலம். விடியப்புறத்தில் ஒன்றரையிலும் ஓடலாம். ஓடலாம் என்றுதான் சொல்கிறேன், ஓடவேணும் என்று சொல்லவில்லை. காரணம் மாடு.

வன்னியில் இரவு ஓடியவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பகல் முழுக்க வெயில் குடித்த தார் இரவில் சூடாக இருக்கும். கட்டாக்காலி மாடுகள் காட்டுக்குள் இருந்தும் வயலுக்குள் இருந்தும் வந்து அந்தச் சூட்டில் படுத்துவிடும். கறுத்த றோட்டில் கறுத்த மாடு. எதிரில் வருகிற லொறி வெளிச்சம் கண்ணில் அடித்தால் இருபது அடிக்குக் கிட்ட வரும் வரைக்கும் தெரியாது. கோர்ண் அடித்தாலும் எழும்பாது, தலையை மட்டும் திருப்பி, யார் இவன் என்று பார்க்கும். இறங்கிப் போய்த் தட்டித்தான் எழுப்பவேணும்.

ஒருமுறை மாங்குளத்தில் இருந்து ஒரு குடும்பத்தை ஏற்றினேன். கைபேசி வரைபடம் இரண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடக் காட்டியது என்று, நான் சொன்ன நேரத்துக்கு முக்கால் மணித்தியாலம் பிந்தித்தான் வெளிக்கிட்டார்கள். ஐயாவுக்கு முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் அடிக்காமல் கடல் தாண்டிப் போகக்கூடாது. அதை நான் மறுக்க முடியாது, நானும் அந்தப் பிள்ளையாரிடம் நிற்காமல் போனது இல்லை. தேங்காய் அடித்தாச்சு, விபூதி பூசியாச்சு. திரும்பி வரும்போது அம்மா கச்சான்காரியிடம் நிற்கிறா. ஒரு பை வாங்கினால் போதாதா? மகள் வீட்டுக்கு, சம்பந்தி வீட்டுக்கு, ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலுக்கு என்று எண்ணி எண்ணி ஏழு பை. கச்சான்காரி ஒவ்வொரு பைக்கும் ஒரு பிடி மேலதிகமாகப் போட, அம்மா நின்று ரசித்துக்கொண்டு நிற்கிறா. பிறகு பரந்தன் தாண்டி ஒரு மாட்டுக் கூட்டம். பிறகு புகையிரதக் கடவை மூடி எட்டு நிமிடம். நாங்கள் போய்ச் சேரும்போது விமானம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, ஆனால் பதிவு செய்கிற கவுண்டர் பூட்டியாச்சு. புறப்பட ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கும்போதே பூட்டிவிடுவார்கள். கெஞ்சிப் பார்த்தோம். விதி விதிதான். ஐயா திரும்பி வரும் வழி முழுக்க ஒன்றும் பேசவில்லை. கச்சான் மட்டும் குறைந்துகொண்டே வந்தது.

அன்றில் இருந்து நான் ஏற்றுகிறவர்களிடம் விமானம் எத்தனை மணிக்கு என்று கேட்பதில்லை. கவுண்டர் எத்தனை மணிக்குப் பூட்டும் என்றுதான் கேட்பேன்.

இப்போது உங்களுடைய கணக்கைக் கூட்டுவோம். வீட்டில் இருந்து பலாலிக்கு ஒன்றேமுக்கால். விமானம் புறப்பட இரண்டரை, மூன்று மணித்தியாலம் முன்பு நிற்கவேணும். அம்மா மெதுவாக நடக்கிறவ என்பதால் மூன்று வையுங்கள். பறப்பு ஒரு மணித்தியாலம். திருச்சியில் குடிவரவு, பொதி எடுப்பது எல்லாம் முக்கால் மணித்தியாலம். விமான நிலையம் நகரத்துக்குள்ளேயே மாதிரித்தான், அரை மணித்தியாலத்துக்குள் ஆஸ்பத்திரி. மொத்தம் ஏழு. நீங்கள் பார்த்த 48க்கு ஏறக்குறைய ஒன்பது மடங்கு.

கட்டுநாயக்கா வழியாகப் போனால்? கிளிநொச்சியில் இருந்து வவுனியா, அனுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு என்று 310 கிலோமீற்றர் அளவு. நின்று சாப்பிட்டுப் போனால் ஏழு மணித்தியாலம். பிறகு மூன்று மணித்தியாலக் காத்திருப்பு, திருச்சிக்கு ஒரு மணித்தியாலப் பறப்பு, மறுபக்க அலுவல். பன்னிரண்டு தாண்டும். ரிக்கெற் காசு சில நாள் அங்கே குறைவாக இருக்கும், அதைப் பார்த்து ஆட்கள் போவார்கள். வான் வாடகையையும் வழிச் சாப்பாட்டையும் கூட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். முழங்கால் ஏலாத ஒருவரை ஏழு மணித்தியாலம் வாகனத்தில் இருத்திக் கொண்டுபோவதற்கு நான் ஒருநாளும் சம்மதம் சொல்லமாட்டேன், வாடகை எனக்குத்தான் வரும் என்றாலும்.

வன்னியின் மற்ற ஊர்க்காரருக்காகவும் ஒரு வார்த்தை. முல்லைத்தீவில் இருந்து வருகிறவர்கள் புதுக்குடியிருப்பு, பரந்தன் வழியாக வந்தால் பலாலிக்கு 125, 130 வரும்; மூன்று மணித்தியாலம் வைக்கலாம். மன்னார்க்காரருக்குப் பூநகரி வீதி இருக்கிறது. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபிறகு ஆனையிறவு சுற்றத் தேவையில்லை. தலைமன்னார் முனையில் இருந்து தனுஷ்கோடி முப்பது கிலோமீற்றர்தான். 1914இல் இருந்து ரயில், கப்பல், ரயில் என்று மாறி மாறி ஏறிச் சென்னைக்குப் போன பாதை அது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைத் தின்றது. பிறகு இராமேஸ்வரத்தில் இருந்து கொஞ்சக் காலம் கப்பல் ஓடி, எண்பதுகளில் அதுவும் நின்றது. இன்றைக்குத் தலைமன்னார்க்காரர் இந்தியா போக முதலில் வடக்கே பலாலிக்கு ஏறவேணும், இல்லாவிட்டால் தெற்கே கட்டுநாயக்காவுக்கு இறங்கவேணும்.

யோசிக்கவேண்டியவர்கள் வவுனியாக்காரர். அவர்களுக்குப் பலாலி 150 அளவு, கட்டுநாயக்கா 235 அளவு. முன்னதுக்கு மூன்றேகால் மணித்தியாலம், பின்னதுக்கு ஐந்து, ஐந்தரை. திருச்சி, சென்னை என்றால் நான் பலாலி என்பேன். அதற்கு அப்பால் வேறு விமானம் மாறிப் போகிறவர்கள், நாற்பது கிலோ பொதி கட்டுகிறவர்கள் கட்டுநாயக்காவுக்கே போங்கள். எழுபது, எண்பது பேர் ஏறுகிற விமானத்தில் பொதிக்கு இடமும் அளவுதான்.

காங்கேசன்துறையில் இருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2023 ஒக்ரோபர் 14இல் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஓகஸ்ட் 16இல் மறுபடி தொடங்கியது. நேர்தூரம் 107 கிலோமீற்றர், கடல் மைலில் 58. நாலு மணித்தியாலம் அளவு. பிறகு நாகையில் இருந்து திருச்சிக்குத் தரைவழியில் 140. பொதி கூடக் கொண்டுபோகிற வியாபாரிகளுக்கும் வேளாங்கண்ணி, நாகூர் போகிறவர்களுக்கும் அருமையான வழி. மாரிக்குக் கடல் பொங்கினால் ஓடாது. உங்கள் அம்மாவுக்கு வேண்டாம்.

நேரம் பற்றி இன்னொன்று. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் மணிக்கூட்டு வித்தியாசம் இல்லை, இரண்டும் கிறீன்விச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தி. ரிக்கெற்றில் போட்ட நேரத்தை அப்படியே கழித்துப் பார்க்கலாம். இது இளசுகளுக்குச் சாதாரணம். எங்களுக்கு அப்படி இல்லை. 1996இல் அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியது, முதலில் ஒரு மணித்தியாலம், அதே வருடம் அரை மணித்தியாலமாகக் குறைத்தது. வன்னிக்குள் புலிகள் அதை ஏற்கவில்லை, பழைய நேரமே இருந்தது. 2002இல் ஏ9 திறந்தபிறகு வவுனியாவுக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும். ஓமந்தை தாண்டி வடக்கே வந்தால் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பவேணும். ஒரு கலியாண அழைப்பிதழில் முகூர்த்தம் போட்டால், பழைய நேரமா புதிய நேரமா என்று கேட்பது வழக்கம். 76 கிலோமீற்றரில் இருக்கிற வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் அரை மணித்தியாலம் வித்தியாசம். கடலுக்கு அப்பால் 245 கிலோமீற்றரில் இருக்கிற திருச்சிக்கும் கிளிநொச்சிக்கும் ஒரே நேரம். 2006 ஏப்ரலில் அரசாங்கம் பழைய நேரத்துக்குத் திரும்பியது. அதே வருடம் ஓகஸ்டில் ஏ9 மறுபடி பூட்டப்பட்டது. நேரம் ஒன்றானபோது பாதை இல்லை.

தூரத்தைக் கட்டையில் சொல்கிற பழக்கமும் எங்களிடம்தான் மிச்சம். கிளிநொச்சியில் 155ஆம் கட்டை என்று ஓட்டோக்காரரிடம் சொன்னால் போதும், கொண்டுபோய் விடுவார். கண்டியில் இருந்து மைலில் எண்ணி நட்ட கட்டை அது. கட்டை போய்விட்டது, மைலும் போய்விட்டது, இடத்தின் பெயராக இலக்கம் மட்டும் நிற்கிறது.

கடைசியாக அம்மா விடயம். வைத்தியத்துக்குப் போவதால் மருத்துவ விசா எடுங்கள், கூடப் போகிறவருக்கு அதற்குரிய உதவியாளர் விசா தனியே உண்டு. ரிக்கெற் போடும்போதே சக்கர நாற்காலி வேணும் என்று பதியுங்கள்; அங்கே போய்க் கேட்டால் இழுபடும். இந்த விமானத்தில் ஏறுவது பின் கதவால், படி சின்னது, கைப்பிடி உண்டு. அவவுக்கு முன்னால் நீங்கள் ஏறாதீர்கள், பின்னால் நில்லுங்கள். மருந்துகளைப் பெரிய பொதிக்குள் போடாமல், வைத்தியர் எழுதிய துண்டோடு கைப்பையில் வையுங்கள். முழங்காலை நீட்ட ஓரத்து இருக்கை வசதி, ஆனால் கிடைத்தால் இடப்பக்கச் சாளரம் கேட்டுப் பாருங்கள். செட்டை மேலே இருக்கிற விமானம் என்பதால் கீழே பார்க்க மறைப்பு இல்லை. எழும்பி மேற்கே திரும்பியதும் காரைநகரும் மற்றத் தீவுகளும் அந்தப் பக்கம்தான் வரும். கண் வைத்தியம் முடிந்து திரும்பும்போது வலப்பக்கம் கேளுங்கள், அப்போது இன்னும் வடிவாகத் தெரியும்.